லேப்டாப்பில் ஓடுகிற ஆப் சர்வரில் ஏன் டேட்டாபேஸைப் பிடிக்க மாட்டேன் என்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஃபிளாஸ்க் என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் எழுதிய ஆர்டர் ஆப் உங்கள் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. மாத வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் டாக்கர் காம்போஸ் (நிரல்களைத் தனித்தனிக் 'கன்டெய்னர்' பெட்டிகளில் வைத்துச் சேர்த்து ஓட்டும் கருவி) வைத்து ஏற்றியதும் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றது. காம்போஸ் கோப்பில் பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றினீர்கள். உங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் பழைய பாஸ்வேர்டைத்தான் ஏற்கிறது. கடைசியில் லோக்கல்ஹோஸ்ட் என்றிருந்த இடத்தில் சர்வரின் வெளி ஐபியைப் போட்டதும் ஓடியது. இப்போது மாலையில் ஆட்கள் அதிகம் வரும்போது 'சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி' என்று போஸ்ட்கிரெஸ் மறுக்கிறது, பயன்படுத்துகிறவர்களுக்கு 502 என்ற எரர் பக்கம் தெரிகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவட்டுமா, பெரிய சர்வருக்கு மாறட்டுமா என்று முடித்திருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். குறிப்பாக, அழிப்பது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று. மூன்றையும் ஒன்றாக நினைத்ததால்தான் ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நான் 14 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன், பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டோடும். நீங்கள் ஒட்டியிருக்கும் காம்போஸ் கோப்பையும் எரர் வரிகளையும் வைத்துத்தான் பேசுகிறேன். முதல் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் உறுதியாகச் சொல்ல முடியும். மூன்றாவதில் ஒரு பகுதி கணக்கு, ஒரு பகுதி ஊகம். எது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

அதற்கு முன் அவசரமான ஒன்று. ஒட்டிய கோப்பில் உங்கள் பாஸ்வேர்ட் அப்படியே தெரிகிறது. கேள்வியைத் திருத்தி அதை மறைத்தால் போதாது, பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். போர்ட் வரியில் '5432:5432' என்றும் இருக்கிறது (5432 என்பது போஸ்ட்கிரெஸ் கேட்கும் போர்ட், அதாவது கதவு எண்). அப்படி எழுதினால் சர்வரின் எல்லா முகவரிகளிலும் அந்தப் போர்ட் திறந்துவிடும். 'யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேனே' என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்கர் வெளியிடும் போர்ட்டுகளை அது தடுக்காது. டாக்கர் தன் விதிகளை நேராக லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபி டேபிள்ஸில் எழுதுகிறது, யுஎஃப்டபிள்யூவின் விதிகள் வரிசையில் வருவதற்குள் அந்தப் பாக்கெட் கன்டெய்னருக்குப் போய்விடும். ஆக இந்த நேரத்தில் உங்கள் டேட்டாபேஸ் இணையம் முழுவதற்கும் திறந்து கிடக்கிறது, சாவியும் வாசலில் தொங்குகிறது. மற்றதைப் படிக்கும் முன் போர்ட்டைச் சரிசெய்யுங்கள்: அந்தப் போர்ட் வரியை எடுத்துவிடுங்கள், அல்லது முன்னால் 127.0.0.1 சேர்த்து '127.0.0.1:5432:5432' என்று எழுதுங்கள். வரியை மாற்றியதும் வெளி ஐபி வழியாகப் போகும் உங்கள் ஆப் நின்றுவிடும். அதற்கு என்ன செய்வது, பாஸ்வேர்டைச் சரியான முறையில் மாற்றுவது எப்படி என்பதையும் சொல்கிறேன்.

கனெக்ஷன் எரரைப் படிக்கும் விதம் இது. டேட்டாபேஸை ஆப் கூப்பிடும்போது அந்த அழைப்பு சில படிகளை வரிசையாகக் கடக்கிறது. பெயர் ஐபி முகவரியாக மாற வேண்டும். அந்த இயந்திரத்தை எட்ட வேண்டும். சொன்ன போர்ட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். குறியாக்கம் வேண்டுமா வேண்டாமா என்று இருவரும் ஒத்துப்போக வேண்டும். பிறகுதான் யார் நீ, பாஸ்வேர்ட் என்ன என்ற கேள்வி. அதன் பிறகு அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இருக்கிறதா, கேட்ட டேபிளைத் தொட அனுமதி இருக்கிறதா என்பதெல்லாம். எந்த எரர் வந்தாலும், அதற்கு முந்தைய படிகளெல்லாம் நன்றாக நடந்தன என்பதற்கு அந்த எரரே சாட்சி. 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெய்ல்டு' வந்தால் மனம் தளர வேண்டாம். நெட்வொர்க், ஃபயர்வால், போர்ட் எல்லாம் சரி, இனி அந்தப் பக்கம் தேட வேண்டியதில்லை என்று அது சொல்கிறது.

'ரெஃப்யூஸ்டு', 'டைம்டு அவுட்' இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ரெஃப்யூஸ்டு என்றால் இயந்திரம் கிடைத்தது, 'இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை' என்று அதுவே பதில் அனுப்பியது. ஆளில்லாத வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்வதுபோல, பதில் உடனே வரும். டைம்டு அவுட் என்றால் பதிலே இல்லை. அனுப்பிய பாக்கெட்டை வழியில் எதுவோ விழுங்கிவிட்டது. பெரும்பாலும் அது ஃபயர்வால், அல்லது கிளவுடில் செக்யூரிட்டி குரூப், அல்லது தவறான ஐபி. கடிகாரத்தைப் பார்த்தே இரண்டையும் பிரிக்கலாம்: கண்ணிமைப்பில் தோற்றால் முதல் வகை, அரை நிமிடம் இழுத்துப் பிறகு தோற்றால் இரண்டாம் வகை. ஒரு விதிவிலக்கு உண்டு. சில ஃபயர்வால்கள் பேசாமல் விழுங்காமல் மறுப்பையே திருப்பி அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். அப்போது தடுத்தது ஃபயர்வாலாக இருந்தும் ரெஃப்யூஸ்டு என்றே வரும். எப்படியானாலும் இந்த இரண்டு எரர்களிலும் உங்கள் பாஸ்வேர்டை எதிர்ப்பக்கம் படிக்கவே இல்லை. அதை மாற்றி எந்தப் பயனும் கிடைத்திருக்காது.

உங்கள் முதல் கோளாறுக்கு வருகிறேன். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டுமே. சர்வரும் அல்ல, பக்கத்துக் கன்டெய்னரும் அல்ல. லேப்டாப்பில் ஃபிளாஸ்க்கும் போஸ்ட்கிரெஸும் ஒரே வீட்டில் இருந்தன, அதனால் லோக்கல்ஹோஸ்ட் பொருந்தியது. சர்வரில் இரண்டும் தனித்தனி வீடு. ஃபிளாஸ்க் தன் வீட்டின் 5432ஆம் கதவைத் தட்டியது, அங்கே யாரும் இல்லை. காம்போஸ் ஒரு உள் நெட்வொர்க் அமைத்து, ஒவ்வொரு சர்வீஸின் பெயரையும் அங்கே முகவரியாக்கிவிடுகிறது. உங்கள் கோப்பில் போஸ்ட்கிரெஸ் சர்வீஸின் பெயர் 'டிபி' என்று இருக்கிறது. ஹோஸ்ட் இருக்கும் இடத்தில் அந்தப் பெயரைக் கோப்பில் உள்ள அதே எழுத்தில் போட்டால் போதும், வெளி ஐபியும் வேண்டாம், திறந்த போர்ட்டும் வேண்டாம். ஒரு கவனம்: வெளியே 5433 என்று மாற்றி வெளியிட்டிருந்தாலும் உள்ளே பேசும்போது 5432தான்.

இதைச் சரிசெய்த பிறகும் சர்வரை அணைத்துப் போடும்போது சில நொடிகள் ரெஃப்யூஸ்டு வரலாம். காம்போஸில் 'டிபெண்ட்ஸ் ஆன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் வரிசை: போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர் தொடங்கிய பிறகு ஆப் கன்டெய்னரைத் தொடங்கும், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸ் பேசத் தயாராகிவிட்டதா என்று அது பார்ப்பதில்லை. 'ஹெல்த்செக்' எழுதி, அதில் போஸ்ட்கிரெஸ் தயாரா என்று கேட்கும் 'பிஜி இஸ்ரெடி' கட்டளையை ஓட்டி, டிபெண்ட்ஸ் ஆனுக்கு 'சர்வீஸ் ஹெல்தி' என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். முதல்முறை நிறுவும்போது அதிகாரபூர்வ இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) தற்காலிகமாக ஒரு போஸ்ட்கிரெஸை யூனிக்ஸ் சாக்கெட்டில் (நெட்வொர்க் இல்லாமல் அதே இயந்திரத்துக்குள் பேசும் வழி) மட்டும் ஓட்டி, அமைப்பு வேலைகளை முடித்து, அதை நிறுத்தி, மறுபடி தொடங்குகிறது. அதனால் பிஜி இஸ்ரெடியைச் சாக்கெட் வழியாக விடாமல் 127.0.0.1 வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தற்காலிகமானதைப் பார்த்துத் 'தயார்' என்று சொல்லிவிடும்.

லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல் இன்னும் இரண்டு இடங்களில் ஏமாற்றும், வேறு கருவிகளில் வேலை செய்கிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். லினக்ஸில் மைஎஸ்கியூஎல் கிளையன்ட்டுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் நெட்வொர்க்கே அல்ல, யூனிக்ஸ் சாக்கெட் கோப்பு, 127.0.0.1 என்று எழுதினால்தான் போர்ட் வழியாகப் போகும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் கருவியின் 17ஆம் பதிப்பு, 2021இல் வந்தது, பெயர் முகவரியாகும் வரிசையை மாற்றியது. அதிலிருந்து லோக்கல்ஹோஸ்ட் முதலில் ஐபிவி6 முகவரியான ::1 ஆகலாம். டேட்டாபேஸ் 127.0.0.1இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ரெஃப்யூஸ்டு. எரர் வரியில் ::1 என்று தெரிந்தால் காரணம் இதுதான்.

இரண்டாவது கோளாறு: பாஸ்வேர்டை மாற்றினாலும் பழையதே ஏற்கப்படுவது. போஸ்ட்கிரெஸ் பழுதாகிவிட்டது என்று நினைத்தீர்கள். அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது. காம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்ட் என்று நீங்கள் எழுதும் மதிப்பு, டேட்டா வைக்கும் அடைவு காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே படிக்கப்படும். அதன் பிறகு பாஸ்வேர்ட் டேட்டாபேஸுக்குள், வால்யூமில் (கன்டெய்னர் போனாலும் டேட்டா தங்கும் இடம்) இருக்கிறது. கோப்பில் எத்தனை முறை மாற்றினாலும் அது பார்க்காது. மாற்ற வேண்டுமென்றால் கன்டெய்னருக்குள் போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல்லைத் திறந்து, 'ஆல்டர் ரோல்' கட்டளையால் மாற்றி, அதன் பின் ஆப்பின் அமைப்பிலும் அதையே எழுதி ஆப்பை மட்டும் மறுதொடக்கம் செய்யுங்கள். பிஎஸ்கியூஎல்லின் பாஸ்வேர்ட் கட்டளையைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது, எழுதிய பாஸ்வேர்ட் கட்டளை வரலாற்றில் தங்காது.

புதிய பாஸ்வேர்டில் @, #, / போன்ற குறிகள் இருந்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. நீங்கள் கனெக்ஷனை ஒரே யூஆர்எல்லாக எழுதுகிறீர்கள். அதில் @ என்பது பாஸ்வேர்டுக்கும் ஹோஸ்டுக்கும் நடுவில் உள்ள வேலி. பாஸ்வேர்டுக்குள் அது வந்தால் வேலி இடம் மாறி, பாதிப் பாஸ்வேர்ட் ஹோஸ்ட் பெயராகிவிடும். அப்போது வருவது பாஸ்வேர்ட் எரர்கூட அல்ல, 'ஹோஸ்ட் பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை' என்ற எரர். @ குறிக்கு %40, # குறிக்கு %23, / குறிக்கு %2F என்று எழுத வேண்டும். எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து 32 எழுத்து நீளத்தில் ஒரு பாஸ்வேர்ட் உருவாக்கினால் இந்தத் தொல்லையே இல்லை, பலமும் குறையாது. கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது கடைசியில் ஒரு இடைவெளியோ புதுவரியோ ஒட்டிக்கொண்டு வருவதும் சாதாரணம். சந்தேகம் வந்தால் லாக்கில் பாஸ்வேர்டை அச்சிடாதீர்கள், அதன் நீளத்தை மட்டும் அச்சிடுங்கள்; 32க்குப் பதில் 33 என்று வந்தால் விடை கிடைத்துவிட்டது.

இப்போது அழிப்பதைப் பற்றி. இணையத்தில் இதே பாஸ்வேர்ட் சிக்கலுக்கு 'காம்போஸ் டவுன்' கட்டளையோடு ஒரு வி சேர்த்து ஓட்டுங்கள் என்ற பதில் நிறையக் கிடைக்கும். அது வேலையும் செய்யும், ஏனென்றால் வால்யூமை அழித்துவிடும், அடைவு காலியாகும், புதிய பாஸ்வேர்ட் படிக்கப்படும். கூடவே உங்கள் ஆர்டர்கள் அத்தனையும் போய்விடும். இது என் கண்ணெதிரே நடந்தது. ஒரு சிறு குழுவுக்கு உதவப் போயிருந்தேன். நான் போய்ச் சேருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அங்கிருந்த இளைஞர் அந்த ஒற்றை எழுத்தைச் சேர்த்து ஓட்டியிருந்தார். கடைசி பேக்கப் ஒன்பது நாள் பழையது. ஒன்பது நாள் பில்களை அவர்கள் காகிதத்திலிருந்து மறுபடி தட்டினார்கள். அந்த இளைஞரின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பத்தியை இவ்வளவு நீட்டுகிறேன். பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லாபில், துணை சர்வரில் டேட்டா அடைவை நீக்குவதாக நினைத்து ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் நீக்கிவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியது. தினமும் ஓட வேண்டிய பேக்கப்பும் அவர்களிடம் இல்லை. பேக்கப் கருவியின் பதிப்பு 9.2, டேட்டாபேஸின் பதிப்பு 9.6, பொருந்தாததால் அது ஓசையில்லாமல் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. ஆறு மணி நேரம் பழைய நகல் ஒன்று தற்செயலாக இருந்ததால் மீண்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், நமக்கெல்லாம் அது பெரிய உதவி. ஆகவே எதையும் தொடும் முன் 'பிஜி டம்ப்' கட்டளையால் பேக்கப் எடுங்கள். எடுத்ததை உங்கள் லேப்டாப்பில் ஒருமுறை திரும்ப ஏற்றி ஆர்டர் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் வைப்பதில்லை. இமேஜ் பெயரில் 'லேட்டஸ்ட்' என்று விட்டிருக்கிறீர்கள், அதையும் இப்போது ஓடும் பதிப்பு எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். என்றோ ஒருநாள் அடுத்த பெரிய பதிப்பு இறங்கினால், பழைய பதிப்பு எழுதிய டேட்டா அடைவைத் திறக்க முடியாது என்று போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும்.

மூன்றாவது, மாலைக் கோளாறு. இங்கே முதலில் கணக்கு. போஸ்ட்கிரெஸ் தன் இயல்பில் 100 கனெக்ஷன்களை அனுமதிக்கும். அதில் 3, முழு அதிகாரமுள்ள சூப்பர்யூசருக்கு ஒதுக்கியவை; மற்றவர்களுக்கு 97. உங்கள் பக்கம், ஆப் கன்டெய்னர் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஆப்பை ஓட்டும் குனிகார்னின் 4 வொர்க்கர், அதாவது நான்கு தனி ப்ராசஸ். ஒவ்வொரு வொர்க்கரிலும் 16 திரெட், அதாவது ஒரே நேரத்தில் 16 கோரிக்கை. டேட்டாபேஸோடு பேசும் நூலகமான எஸ்கியூஎல் ஆல்கெமி ஒவ்வொரு வொர்க்கர் ப்ராசஸுக்கும் தனித்தனிப் பூல் (திறந்து வைத்த கனெக்ஷன்களின் தொகுப்பு) வைக்கும்: நிரந்தரமாக 5, நெரிசலில் கூடுதலாக 10, ஆக 15. எட்டு வொர்க்கருக்கு 120. காலையில் கூட்டம் இல்லாததால் 40க்குள் நிற்கிறது, மாலையில் 100ஐ முட்டுகிறது. இதில் ஊகம் எதுவும் இல்லை. உங்கள் லேப்டாப்பில் ஒரே ப்ராசஸ், 15தான் உச்சம். அங்கே இது வர வழியே இல்லை. திரெட் இல்லாத சாதாரண வொர்க்கராக இருந்தால் ஒரு வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும், அப்போது எட்டு கனெக்ஷன்தான் ஆகும். அப்படி அமைத்திருக்கும் வேறு யாராவது இதைப் படித்தால், இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, நீங்கள் கசிவை, அதாவது திறந்துவிட்டுத் திருப்பித் தராத கனெக்ஷனை, தேட வேண்டும்.

எரரின் சொற்களே இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கின்றன. சாதாரண யூசருக்கு இடம் தீர்ந்தால் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் 'மிச்சமுள்ள இடங்கள் சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை' என்ற பொருளில் சொல்லும். உங்களுக்கு வருவது 'டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி', அதாவது ஒதுக்கிய மூன்றும் போய்விட்டன. அப்படியானால் ஆப் சூப்பர்யூசராகவே உள்ளே போகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அதிகாரபூர்வ இமேஜில் நீங்கள் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அந்த யூசர் சூப்பர்யூசராகத்தான் பிறக்கிறார், எனவே இது உங்கள் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு கசப்பானது: நெரிசல் நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க நீங்களே உள்ளே நுழைய முடியாது. ஆப்புக்கென்று அதிகாரம் குறைந்த ஒரு தனி யூசரை உருவாக்குங்கள். அப்படிச் செய்யும்போது 'பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்' என்று ஒரு புது எரர் வந்தால் திடுக்கிடாதீர்கள். 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15இலிருந்து, பப்ளிக் ஸ்கீமாவில் டேபிள் உருவாக்கும் உரிமை எல்லோருக்கும் தானாகக் கிடைப்பதில்லை. தேவையான யூசருக்கு 'கிராண்ட்' கொடுக்க வேண்டும்.

இனி ஊகப் பகுதி. பூல் கணக்கு மட்டும்தான் காரணமா, கசிவும் சேர்ந்திருக்கிறதா என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஆப்பைத் தனி யூசருக்கு மாற்றிய பின், மாலை நெரிசலில் சூப்பர்யூசராக உள்ளே போய் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' என்ற பார்வையை, 'ஸ்டேட்' வாரியாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை 'ஐடில்' என்றால் பூல் தேவைக்கு மேல் பெரிது, கசிவு இல்லை. 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' நிறைய இருந்தால், நிரல் டிரான்சாக்ஷனை (சேர்ந்தே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பை) திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருக்கிறது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அந்த வேறு வேலை எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையையோ பேமென்ட் சேவையையோ கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. அந்த அழைப்பை 'கமிட்' முடிந்த பிறகு வையுங்கள். 'ஆக்டிவ்' நிறைய இருந்தால் குவெரி மெதுவாக இருக்கிறது அல்லது பூட்டுக்காகக் காத்திருக்கிறது. அது தனிக் கதை. நிரலில் 'கிரியேட் எஞ்சின்' என்ற அழைப்பு எங்கே இருக்கிறது என்றும் தேடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓடும் ஃபங்ஷனுக்குள் அது இருந்தால் கோரிக்கைக்கு ஒரு புதுப் பூல் பிறக்கிறது. எந்தக் கணக்கும் அதற்குத் தாங்காது.

சரிசெய்வதற்கு, உச்ச வரம்பை 500 என்று தூக்க வேண்டும் என்று கைகள் துறுதுறுக்கும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் தனி ப்ராசஸ், நினைவகம் தின்னும். உங்கள் 2 ஜிபி சர்வரில் அது வேறொரு எரராகத் திரும்பி வரும், அப்போது இறப்பது டேட்டாபேஸாகவே இருக்கலாம். அதற்குப் பதில் பூலை 3, கூடுதல் 2 என்று வைத்து, திரெட்டை 5ஆக்குங்கள். எட்டு வொர்க்கருக்கு உச்சம் 40. ஏன் 90 வரை போகக் கூடாது என்றால், புதுப் பதிப்பை ஏற்றும்போது பழைய கன்டெய்னரும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்து ஓடினால் 40 என்பது 80 ஆகும். அப்போதும் 97க்குள் நிற்கும். டெப்ளாய் செய்யும் நிமிடத்தில் மட்டும் எரர் வந்து பிறகு சரியாகிவிடுகிறது என்று சொல்கிறவர்கள் முதலில் இந்த இரட்டிப்பைத்தான் பார்க்க வேண்டும். பூலைக் குறைத்த பின் 'கியூபூல் லிமிட்' என்று ஒரு எரர் வந்தால், அது டேட்டாபேஸின் மறுப்பு அல்ல. உங்கள் ஆப்புக்குள்ளேயே வரிசையில் 30 நொடி நின்று அலுத்த கோரிக்கை. மெதுவான குவெரியையோ கசிவையோ அது சுட்டுகிறது. கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கன்டெய்னர்கள் பத்து இருபது என்று பெருகும்போது அது அருமையான கருவி, இந்த அளவுக்குத் தேவையில்லை.

502 பற்றி. டேட்டாபேஸ் மறுத்தால் ஆப் உயிரோடு இருந்து 500 என்று சொல்ல வேண்டும். 502 என்பது ஆப்பின் முன்னால் நிற்கும் வலை சர்வரான என்ஜின்எக்ஸ் சொல்வது: ஆப்பிடமிருந்து ஒழுங்கான பதிலே வரவில்லை. 504 என்றால் ஆப் இருக்கிறது, ஆனால் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. இயல்பில் அது 60 நொடி. ஆக உங்களுக்கு 502 தெரிகிற நேரத்தில் ஆப்பே விழுந்து கிடக்கிறது. என் ஊகம், ஆப் தொடங்கும்போதே டேட்டாபேஸை ஒருமுறை தொடுகிறது, இடம் கிடைக்காமல் வெளியேறுகிறது, டாக்கர் மறுபடி தொடங்குகிறது, மறுபடி விழுகிறது. ஆப் கன்டெய்னரின் லாக்கில் தொடக்க வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் ஊகம் சரி. வரவில்லை என்றால் நினைவகம் தீர்ந்து கர்னல் அதைக் கொன்றதா என்று பாருங்கள். கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு வெளியேறியிருந்தால் அந்தப் பக்கம் சந்தேகப்படலாம். டெப்ளாய் முடிந்தவுடன் மட்டும் 502 வந்து, என்ஜின்எக்ஸை 'ரீலோட்' செய்ததும் சரியானால் காரணம் வேறு: என்ஜின்எக்ஸ் தொடங்கும்போது ஆப்பின் பெயரை ஒருமுறை ஐபியாக மாற்றி வைத்துக்கொள்கிறது, கன்டெய்னர் புதிதாகப் பிறந்து ஐபி மாறியது அதற்குத் தெரியாது.

இரண்டு கன்டெய்னரும் தொடங்கும்போதே மைகிரேஷன் (டேபிள்களின் அமைப்பை மாற்றும் வேலை) ஓடும்படி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் கோப்பில் பார்த்தேன். இன்றைய கோளாறுக்கு அது காரணமல்ல, நாளைய கோளாறுக்கு ஆகும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே டேபிளை மாற்றப் போகும். மைகிரேஷனைத் தனிக் கட்டளையாக, ஆப்பை ஏற்றும் முன் ஒருமுறை மட்டும் ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸில் பெரும்பாலான 'ஆல்டர் டேபிள்' மாற்றங்களுக்கு அந்த டேபிளின் முழுப் பூட்டு வேண்டும். யாரோ ஒருவரின் நீண்ட டிரான்சாக்ஷன் அதைப் பிடித்திருந்தால் மைகிரேஷன் காத்திருக்கும். அதன் பின்னால் வருகிற சாதாரண 'செலக்ட்'டுகளும் காத்திருக்கும். ஒரு நிமிடத்தில் பூல் நிரம்பி, பார்ப்பதற்கு இதே மாலை எரர் போலவே இருக்கும். மைகிரேஷனுக்கு முன் 'லாக் டைம்அவுட்' 5 நொடி என்று வைத்தால், பூட்டுக் கிடைக்காதபோது அது தானே விலகிக்கொள்ளும், மறுபடி முயலலாம். நெடுவரிசையின் பெயரை மாற்றுவதை ஒரே அடியில் செய்யாதீர்கள். புதியதைச் சேர்த்து, நிரலை மாற்றி, பழைய நிரல் எங்கும் ஓடவில்லை என்று தெரிந்த பின் பழையதை நீக்குங்கள்.

இன்று இரவு செய்ய வேண்டிய வரிசை இது: டம்ப் எடுத்து ஏற்றிப் பாருங்கள், ஹோஸ்டை சர்வீஸ் பெயருக்கு மாற்றுங்கள், திறந்த போர்ட்டை இன்னும் மூடவில்லை என்றால் மூடுங்கள், பாஸ்வேர்டை உள்ளே போய் மாற்றுங்கள். இவை நான்கும் தள்ளிப்போடக் கூடாதவை. பூலை நாளைக்குத் தொடலாம், ஆனால் அதற்கு முன் ஒரு மாலையாவது ஸ்டேட் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் மாற்றியது உதவியதா என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பக்கத்தில் நேரம். அதன் பிறகும் மாலையில் நின்றால், அந்த எண்ணிக்கையையும், ஆப், என்ஜின்எக்ஸ், போஸ்ட்கிரெஸ் மூன்றின் லாக்கிலும் அதே நிமிடத்தின் வரிகளையும் சேர்த்துக் கேளுங்கள், பார்க்கிறேன். ஒட்டும் முன் பாஸ்வேர்ட் இருக்கும் வரியை மட்டும் நீக்கிவிடுங்கள்.